மல்லிகை வண்டிக்கு வெளிச்சம்

திருச்சுழி
12.8.2024

அன்புத் தம்பி சுந்தரபாண்டிக்கு,

அக்கா முருகலட்சுமி எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சானும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் ஜெகதீஸ்வரியும் பிள்ளைகளும் சுகந்தானே? கோயம்புத்தூர்க் காற்றில் சின்னவனுக்கு இழுப்பு வராமல் இருக்கிறதா?

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால் உன் மச்சான் "குடு, நான் பேசுறேன்" என்று பிடுங்கிக்கொள்வார். நீங்கள் இருவரும் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள். நான் கேட்க வந்தது தொண்டையிலேயே நிற்கும். அதுபோக, நீ சொல்வது எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வசதி.

விஷயம் நம் அம்பாசிடர்தான். மாமா காலத்து வண்டி. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்விளக்கு இரண்டும் எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரி மஞ்சளாக எரிகின்றன. எங்கள் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. இருட்டோடு பறித்த மல்லிகை மொட்டை, வெளிச்சம் வருமுன் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இறக்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும், அப்புறம் அதைக் கேட்க ஆள் கிடையாது. காரியாபட்டி தாண்டும் வரை ரோட்டில் ஒரு விளக்குக் கம்பம்கூட ஒழுங்காக எரியாது. இரண்டு பக்கமும் கருவேலம். வைகாசி மாதம் காய்ந்த பருத்திமார்க் கட்டு ஏற்றிய டிரெய்லர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் நின்றிருக்கிறது. தெரியாமல் இடதுபக்க மட்கார்டு அதில் உரசிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோட்டைச்சாமி பட்டறையில் தட்டி நிமிர்த்தியாயிற்று.

நீ பழைய வண்டிகளோடேயே புழங்குகிறவன். இதற்கு நல்ல வெளிச்சம் வர என்ன செய்யலாம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
முருகலட்சுமி


கோயம்புத்தூர்
21.8.2024

அன்பு அக்காவுக்கு,

தம்பி சுந்தரபாண்டி வணங்கி எழுதுவது. எல்லாரும் சுகம். சின்னவனுக்கு இந்த வருஷம் இழுப்பு இல்லை. உன் கடிதத்தை ஜெகதீஸ்வரி எடுத்து வைத்துக்கொண்டு, "உங்களுக்குக் கடிதம் எழுதக்கூட ஆள் இருக்கா?" என்று ஒரு நாள் முழுக்கக் கேலி செய்தாள்.

அக்கா, பல்பில் குறை இருக்காது. வழியில்தான் குறை. போர் தண்ணீர் எவ்வளவு கொட்டினாலும் வாய்க்காலே பாதியைக் குடித்துவிட்டால் கடைசிப் பாத்திக்கு என்ன போகும்? அதே கதைதான். அந்தக் காலத்து வண்டியில் பேட்டரியிலிருந்து கரண்டு டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், ஐம்பது வருஷத்து மெல்லிய வயரில் சுற்றிக்கொண்டு விளக்குக்கு வருகிறது. வந்து சேரும்போது மிச்சம் கொஞ்சந்தான்.

பார்சலில் இரண்டு ரிலே, கனமான வயர், இரண்டு ஹாலஜன் விளக்கு அனுப்பியிருக்கிறேன். ரிலே என்பது மடை திறக்கிற ஆள் என்று வைத்துக்கொள். சுவிட்ச் அவனுக்குச் சைகை மட்டும் காட்டும். அவன் பேட்டரியிலிருந்து நேராகத் திறந்துவிடுவான். எது எங்கே மாட்ட வேண்டும் என்று படம் போட்டிருக்கிறேன். எர்த் வயர் பாடியில் சேருகிற இடத்தைத் துரு போகத் தேய்க்கச் சொல். படத்தை மச்சானிடம் கொடு. ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். கடையில் நீலமாய், வெள்ளையாய்ப் பளீரென்று எரிகிற பல்பைக் காட்டி இதை மாட்டுங்கள் என்பார்கள். நம் விளக்குக்கு அது பொருந்தாது, வெளிச்சம் சிதறும். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கிவிட்டு நாம் ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

மச்சானுக்கு என் வணக்கம். மட்கார்டு உரசியதை என்னிடம் சொல்லவே இல்லையே என்று கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி
சுந்தரபாண்டி


திருச்சுழி
19.9.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் வீட்டு நலம் எழுது. பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பூ வரத்து அதிகம்.

பார்சல் அருப்புக்கோட்டை லாரி ஆபீசுக்கு வந்து, நானே போய் எடுத்து வந்தேன். நீ எழுதியதை நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, உன் மச்சான் பானட்டுக்குள் கையை விட்டுத் தடவித் தடவியே எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். ஒரு வயர்கூட மாறவில்லை. சுவிட்சைப் போட்டதும் தொழுவத்துச் சுவர் வெள்ளை அடித்த மாதிரி ஆகிவிட்டது. "எரியுதா? எப்பிடி எரியுது?" என்று நாலு தரம் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் மதினி, "என்னத்தா, வீட்ல எதுவும் விசேசமா?" என்று எட்டிப் பார்த்தாள்.

இப்போது இரண்டு குறை. ஒன்று, ரோட்டில் போகும்போது வெளிச்சம் மரத்து உச்சியைப் பார்க்கிறது. எதிரே வருகிற பஸ்காரர்கள் எல்லாம் லைட்டை அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். இன்னொன்று, வெளிச்சத்தைத் தாழ்த்துகிற அந்த டிப் சுவிட்ச். கிளட்சுக்கு இடப்பக்கம் எங்கேயோ தரையில் கிடக்கிறது. காலை எவ்வளவு நீட்டினாலும் எட்டவில்லை. எதிரே வண்டி வரும்போது அதைத் தேடுவதற்குள் உயிர் போய்விடுகிறது. அதை வேறு எங்காவது மாற்ற முடியுமா?

ஜெகதீஸ்வரிக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டைத் தறிச் சேலை. வரும்போது தருகிறேன்.

அக்கா
முருகலட்சுமி


கோயம்புத்தூர்
27.9.2024

அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் நலம்.

முதல் குறைக்கு மருந்து சுலபம். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பூ மூட்டை ஏற்றுகிறீர்கள் இல்லையா? பாரத்தில் பின்பக்கம் உட்காரும், மூக்கு தூக்கும், வெளிச்சம் மரத்துக்குப் போகும். மூட்டையை ஏற்றிய பிறகு, சமதளத்தில் சுவரைப் பார்த்து எட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. டிப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்க வேண்டும். விளக்கைச் சுற்றி இருக்கிற திருகைத் திருப்பினால் இறங்கும். இடதுபக்கம் கொஞ்சம் கூடுதலாக விழட்டும். நடந்து போகிறவர்களும் ஆடு மாடும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது குறையை மூன்று தரம் படித்தேன்.

மச்சான் ஆறடி. அவர் கால் பிரேக்கைத் தாண்டி ரேடியேட்டர் வரை போகும். இத்தனை வருஷமாக எட்டிய சுவிட்ச் இப்போது எட்டாமல் போனால், எட்டாத கால் யாருடையது அக்கா?

தம்பி
சுந்தரபாண்டி


திருச்சுழி
28.10.2024

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் ஜெகதீஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்து. பட்டாசு வெடிக்கும்போது சின்னவனைப் புகைப்பக்கம் விடாதே.

நீ சொன்னபடியே சுவரில் கோடு போட்டுச் சரி செய்தாயிற்று. இப்போது எந்தப் பஸ்காரரும் திட்டுவதில்லை. ரோட்டோரம் போகிற ஆள் நன்றாகவே தெரிகிறது.

மழை இரண்டு பிடித்தது. மானாவாரிக் காட்டில் உளுந்து முளைத்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கோயம்புத்தூர்
5.11.2024

அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. அனைவரும் சுகம்.

உளுந்து முளைத்ததை எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

தீபாவளியன்று மச்சானிடம் போனில் பேசினேன். "வண்டி எப்பிடி மச்சான் போகுது?" என்றேன். "ராசா மாதிரி போகுது மாப்ள" என்றார். "டிப் சுவிட்ச மாத்திரலாமா?" என்று கேட்டேன். "டிப்பா?" என்றார். அப்புறம், "எதா இருந்தாலும் ஒங்க அக்காட்ட கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தன் வண்டியில் ஒரு திருகைத் தொடவும் இன்னொருத்தரை விடாத மனிதர்.

எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு வண்டிக்கு வயரை மாற்றி மாட்டி ஃபியூஸைப் புகைத்துவிட்டேன். என்னவாக இருந்தாலும் எழுது. திட்ட மாட்டேன்.

தம்பி


திருச்சுழி
16.11.2024

அன்புத் தம்பி,

நான் சுகம். உன் மச்சானுக்குச் சுகம் என்று இத்தனை நாள் எழுதியது பாதிதான் உண்மை.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அந்த டிரெய்லர் விஷயத்தில் குறை லைட்டில் இல்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மங்கல் விளக்கிலும் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. "ஏங்க, டிரெய்லரு" என்றேன். "எங்க?" என்றார். கிட்டே போயும் "எங்க?" என்றே கேட்டார். ஸ்டியரிங்கை நான்தான் பிடித்துத் திருப்பினேன். வண்டி நின்ற பிறகு அவர் கீழே இறங்கவில்லை. "லைட்டு சரியில்ல முருகு" என்றார். நானும், "ஆமா, லைட்டுதான்" என்றேன்.

மறுவாரம் மதுரையில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். வலியே இருக்காதாம், தெரியாமலே ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். நடுவில் கொஞ்சம் இருக்கிறது. என் முகத்தை நேராக வைத்தால் தெரிகிறது. எழுத்துக் கூடவில்லை. அதனால்தான் உனக்குக் கடிதம் எழுதினேன். போன் பேசினால் அவர் காதில் விழும். கடிதத்தில் எதை வாசிப்பது, எதை விடுவது என்பது என் கையில் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஒந் தம்பிட்ட சொல்லாத. சொன்னா வண்டிய வித்துட்டு கோயம்புத்தூருக்கு வாங்கன்னு வந்து நிப்பான். அவன் சொன்னா நீ கேப்ப."

அதற்குப் பிறகு ஒரு மாதம் பூவைக் கண்டவர் லோடு ஆட்டோவில் போட்டு அனுப்பினோம். நசுங்கித்தான் போய்ச் சேரும். அப்புறம் ஒரு நாள் அவரே, "நீ ஓட்டுறியா?" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். ஊராரிடம் சேலை ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அங்கே படித்தவர்களில் நான்தான் மூத்தவள். எனக்கு அடுத்து இருந்தவளுக்கு எனக்கு மகளாகிற வயது. சாயங்காலம் நம் கண்மாய்க்கரையில் அம்பாசிடரை வைத்து உன் மச்சான் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கண் எதற்கு? எஞ்சின் சத்தத்திலேயே, "கிளட்ச விடாத, இப்ப விடு" என்பார். லைசென்ஸ் வாங்கியாயிற்று. ஆவணி முதல் நான்தான் ஓட்டுகிறேன். எட்டாத கால் என்னுடையது.

முதல் நாள் திருச்சுழி தாண்டியதும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. காரியாபட்டி வெளிச்சம் தெரிந்தபோதுதான், "ஊரு வந்துருச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே லாரி வந்ததால் அழவும் நேரமில்லை.

சொல்ல மாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். உனக்குத் தெரியும் என்பதை நேரம் பார்த்து அவரிடம் சொல்வேன்.

உன் அக்கா
முருகலட்சுமி


கோயம்புத்தூர்
22.11.2024

அக்கா,

மச்சான் சொன்னது சரி. நான் அதைத்தான் சொல்லப் போகிறேன். வண்டியை விற்றுவிடு. இங்கே வாருங்கள். மாடி அறையை ஜெகதீஸ்வரி ஒழித்துவிட்டாள். இங்கே நல்ல கண் டாக்டர்கள் இருக்கிறார்கள், நான் விசாரித்துவிட்டேன். மச்சானுக்கு மருந்து போட நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். தோட்டத்தை யாருக்காவது குத்தகைக்கு விடலாம்.

அந்த ரோட்டில், அந்த இருட்டில், பவர் பிரேக்கூட இல்லாத வண்டியில் நீ ஓட்டுகிறாய் என்று தெரிந்ததிலிருந்து விடியுமுன் எழுந்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு விளக்கு அனுப்பியவன் நானா! தெரிந்திருந்தால் ஒரு திருகுகூட அனுப்பியிருக்க மாட்டேன். பழைய வண்டி வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிற ஒருவர் இங்கே இருக்கிறார். பேசிவிட்டேன்.

திட்ட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இது திட்டு இல்லை.

சுந்தரபாண்டி


திருச்சுழி
20.12.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் பாசம் எனக்குத் தெரியாதா? மாடி அறையை ஒழித்த ஜெகதீஸ்வரி நன்றாக இருக்கட்டும். ஆனால் நாங்கள் வரவில்லை.

காரணத்தை உன் மச்சான் மேல் போட்டு எழுதலாம். ஊரை விட்டு வந்தால் அவர் சோர்ந்துபோவார், இங்கே என்றால் தோட்டத்துக்கு வரப்பு வரப்பாக வழி தெரியும் என்று எழுதலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் அது இல்லை. எனக்கு ஓட்டப் பிடித்திருக்கிறது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இருக்கும்போது, எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சின் உறுமும்போது மனசுக்குள் ஒன்று எழுந்து உட்காருகிறது. கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் இந்த வண்டியில் இடதுபக்கம்தான் எனக்கு இடம். வேறு இடம் இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

மார்கழி பிறந்துவிட்டது. மூடுபனி. பூ குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். இந்த மாதம் ஓட்டாமல் விட்டால் வருஷம் முழுக்க ஓட்டியும் பயனில்லை. உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அன்று முழுக்கத் தோட்டத்து வரப்பிலேயே நடந்துகொண்டிருந்தார். மறுநாள், "அவன் என்ன சொன்னான்?" என்றார். வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

விலை பேசுகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். பொங்கலுக்கு நீ வா. ஒரு தரம் என் வண்டியில் உட்கார்ந்து மாட்டுத்தாவணி வரை வா. அதற்குப் பிறகும் விற்கச் சொன்னால் சாவியை உன் கையில் தருகிறேன். இது சத்தியம்.

உன் அக்கா
முருகலட்சுமி


கோயம்புத்தூர்
21.1.2025

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜெகதீஸ்வரி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்துவிட்டாள். நேரில் சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல முடியவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோதும் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினேன். அதனால் எழுதுகிறேன்.

அன்று வண்டியில் ஏறும்போதே நான் மனசுக்குள் தீர்மானம் செய்துவிட்டேன். உன்னிடம் சாவியை வாங்குவது, அதற்கு என்னென்ன சொல்வது, எல்லாம் தயார். பின்னால் பூ மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உன் தப்புகளைக் கணக்கெடுக்கத்தான் வந்தேன்.

பனி அப்பியிருந்தது. எனக்குப் பழகாத ரோடு. காரியாபட்டிக்கு முன்னால் அந்த வளைவில் நீ வேகத்தைக் குறைத்தாய். ஏன் குறைக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. நீ நிறுத்தியே விட்டாய். அப்புறம்தான் இடதுபக்கத்து வெளிச்சத்தில் ஒரு கண், இரண்டு கண், பத்துக் கண்ணாக மினுங்கியது. கிடை ஆடு. கறுப்புப் போர்வை போர்த்திய கீதாரி நடு ரோட்டில் நின்று ஒவ்வொன்றாய் ஓட்டிக்கொண்டிருந்தார். விளக்குக் கட்டுகிற தொழில்காரன் நான். எனக்கு முன்னால் அது உனக்குத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நீயோ எஞ்சினை அணைத்துவிட்டு, "எத்தன குட்டிண்ணே இந்த வருசம்?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மச்சான் அப்போது என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ள, பயந்துட்டியா?" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. தான் வண்டி ஓட்டியதைப் பற்றிக்கூட அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

சந்தையில் கமிஷன் கடை சோலைச்சாமி, "டிரைவரக்கா வந்துட்டாக, எடத்த விடுங்கய்யா" என்று கத்தியபோது நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன். பனி என்று சொன்னேன். பனி இல்லை.

வண்டி கேட்டவரிடம் அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். டிப் சுவிட்சை ஸ்டியரிங் கம்பத்துக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேனே, கையால் தட்ட வசதியாக இருக்கிறதா? மச்சானை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதில் மட்டும் பேரம் இல்லை.

தம்பி
சுந்தரபாண்டி


திருச்சுழி
9.2.2025

அன்பு மாப்பிள்ளை சுந்தரபாண்டிக்கு,

உன் மச்சான் அழகுராஜா சொல்ல, உன் அக்கா எழுதுகிறாள். நான் சுகமாக இருக்கிறேன். சொட்டுமருந்து நேரத்துக்கு விழுகிறது. உன் அக்கா விட மாட்டாள். அங்கே தங்கச்சி ஜெகதீஸ்வரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

உன்னிடம் மறைத்தது வருத்தந்தான். உனக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், கண் தெரியாதவன் என்று உன் வாயால் கேட்கப் பயமாக இருந்தது. நீ வந்து என் தோளில் கையைப் போட்டு, எப்போதும் போலப் பேசினாய். அது போதும்.

உன் லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோடு எனக்குத் தெரிவதில்லை. ஆனால் வெளிச்சம் தெரிகிறது. முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்த மாதிரி நிற்கும். டிப் போட்டால் துணி தாழும். அப்போது எதிரே வண்டி என்று தெரிந்துகொள்வேன். பாலம் வந்தால் சத்தம் சொல்லும். கண்மாய் வந்தால் குளிர் சொல்லும். மதுரை வரைக்கும் எனக்கும் வேலை இருக்கிறது.

இன்னொன்று. நான் ஓட்டின காலமெல்லாம் ரோட்டையே பார்த்து, வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை என்னவென்று கேட்டதில்லை. இப்போதுதான் தெரிகிறது, உன் அக்கா வண்டி ஓட்டும்போது பாடுகிறாள். மெதுவாகத்தான். தனக்கே தெரியாமல். நாற்றுப் பாட்டு, சாமி பாட்டு, எல்லாம் கலந்து. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் இவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. (இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்கிறார்.)

சித்திரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.

அன்பு மச்சான்
அழகுராஜா

தம்பி, அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிவிட்டேன். கடைசியில் சொன்ன ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அது உனக்குச் சொன்னது இல்லை. எனக்குச் சொன்னது.

முருகலட்சுமி